மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி? முதன்முறை வாங்கியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கும் என் அத்தைக்கு, அவருடைய மகன் 20 லிட்டர் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். மூன்று மாதங்கள் ஆகியும் அது அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. "ஏம்மா, அதிலிருந்து கதிர் வருமாமே, அதில் சூடு பண்ணிச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாதாமே?" என்று அத்தை கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருடன் இருந்து சொல்லிக்கொடுத்தவற்றையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அத்தை அஞ்சிய கதிரால் எனக்கு எந்தத் தீங்கும் வந்ததில்லை. அவர் சற்றும் அஞ்சாத ஒரு கிளாஸ் வெந்நீரால் என் மணிக்கட்டில் பட்ட தழும்போ ஆறு ஆண்டுகளாகியும் மறையவில்லை. இந்த அடுப்பில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது தெரிந்துவிட்டால் மற்றவை எளிது.

உள்ளே நடப்பது என்ன?

அடுப்பின் உள்ளே இருக்கும் மேக்னட்ரான் என்னும் பாகம், 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலைகளை உண்டாக்குகிறது. இந்த அலைகள் உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை வேகமாக அசைப்பதால் உணவு சூடாகிறது. புயல் நாட்களில் தொலைக்காட்சியில் நாம் கண்கொட்டாமல் பார்க்கும் மழைமேகப் படத்தை அனுப்பும் சென்னைத் துறைமுகத்து ரேடாரும் ஏறத்தாழ இதே வகை அலைகளைத்தான் பயன்படுத்துகிறது. ரேடார் கருவிகளுக்காக மேக்னட்ரான் தயாரித்த அமெரிக்க நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர்தான், 1945-இல் இந்த அலைகளால் சமைக்க முடியும் என்று கண்டறிந்தார். இவை அணுக்கதிர்கள் அல்ல. பல்பை அணைத்ததும் வெளிச்சம் நின்றுவிடுவதைப் போல, அடுப்பை நிறுத்தியதும் அலைகளும் நின்றுவிடும், உணவில் எதுவும் தங்காது. கதவுக் கண்ணாடியின் உள்ளே தெரியும் உலோக வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர் அளவே உள்ளவை. அலையின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர் என்பதால், அந்த வலையைத் தாண்டி அலைகள் வெளியே வர இயலாது.

ஆனால் இந்த அலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாகச் செல்லும். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதி, ஓரத்துச் சூடு மெல்லப் பரவுவதால்தான் சூடாகிறது. மேலும் அலைகள் அடுப்புக்குள் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழுவதில்லை. தட்டு சுழல்வதும், இடையில் கிளறச் சொல்வதும், எடுத்தபின் சிறிது நேரம் வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான்.

முதல் படி: இடமும் மின் இணைப்பும்

நம் ஊர்ப் பழைய வீடுகளில் பெரும்பாலும் தவறு நேர்வது இங்கேதான். பெட்டியில் 800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போய்ச் சேரும் ஆற்றல்; அடுப்பு மின்சாரத்திலிருந்து இழுப்பது சுமார் 1,200 வாட். 230 வோல்ட் இணைப்பில் இது 5 ஆம்பியருக்குச் சற்று அதிகம். மிக்ஸி மாட்டும் சிறிய பிளக் பாயிண்ட் இதைத் தொடர்ந்து தாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று. ஆகவே பெரிய துளைகள் கொண்ட 15 ஆம்ப் பவர் பாயிண்ட்டில் மட்டுமே, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொண்ட பிறகே இணைக்க வேண்டும். பெரிய பிளக்கைச் சிறிய பாயிண்ட்டில் மாட்டுவதற்குக் கடைகளில் கிடைக்கும் கன்வெர்ட்டர் பிளக்கை வாங்கி மாட்டாதீர்கள். அத்தை வீட்டில் வேறொரு கருவிக்காக அப்படி மாட்டியிருந்த கன்வெர்ட்டர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். ஃபிரிட்ஜ் இருக்கும் பாயிண்ட்டையே இதற்கும் பகிர்ந்துகொள்வதும் வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் இதை ஓட்ட முயலக் கூடாது. மின்விசிறிக்கும் விளக்குக்கும் வைத்த சாதாரண இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது.

அடுப்பைச் சமமான, அசையாத மேடையில் வையுங்கள். பின்புறமும் பக்கவாட்டிலும் மேலேயும் காற்றுப் போக இடம் வேண்டும். எவ்வளவு இடைவெளி என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். கேஸ் அடுப்புக்கும் சிங்க்குக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். அடுப்பின் மேல் துணி விரித்து, அதன் மேல் பொடி டப்பாக்களை அடுக்கி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; அது காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

இரண்டாம் படி: தண்ணீரை வைத்து ஓட்டிப் பாருங்கள்

சுழலும் வளையத்தையும் கண்ணாடித் தட்டையும் அதனதன் இடத்தில் பொருத்திய பிறகு, பீங்கான் கோப்பையில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி, முழு ஆற்றலில் 1 நிமிடம் வையுங்கள். தட்டு சீராகச் சுழல வேண்டும், உள்விளக்கு எரிய வேண்டும், கதவைத் திறந்த உடனே ஓட்டம் நின்றுவிட வேண்டும். தண்ணீர் நன்றாகச் சூடாகியிருக்கும். உள்ளே எதுவும் இல்லாமல் மட்டும் ஒருபோதும் ஓட்டக் கூடாது. ஏற்றுக்கொள்ள உணவோ நீரோ இல்லாவிட்டால் அலைகள் திரும்பி மேக்னட்ரானையே பாதிக்கும்.

மூன்றாம் படி: எந்தப் பாத்திரம்?

நம் சமையலறையில் இருப்பவை பெரும்பாலும் எவர்சில்வர் பாத்திரங்கள் என்பதால், இந்தப் படிதான் பழக்கத்துக்கு வர அதிக நாள் ஆகும். எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, வெள்ளி எதையும் உள்ளே வைக்கக் கூடாது. உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும்; கரண்டி முனை, கசங்கிய அலுமினியத் தாளின் விளிம்பு போன்ற கூர்மையான இடங்களில் தீப்பொறி பறக்கும். கல்யாணத்தில் வரிசையாக வந்த பீங்கான் தட்டுகளின் ஓரத்தில் உள்ள தங்கக் கோடும் உலோகமே. விருந்தினருக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட மெலமைன் தட்டுகள் பார்ப்பதற்குப் பீங்கான் போல இருந்தாலும் அலைகளைத் தாமே உறிஞ்சிச் சூடாகும் என்பதால், அவையும் கூடாது. தெர்மாகோல் கிண்ணம், செய்தித்தாள், பழுப்புக் காகிதப் பை ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கிண்ணங்களும், உலோக வேலைப்பாடு இல்லாத பீங்கானும் ஏற்றவை. பிளாஸ்டிக் என்றால், அடிப்பகுதியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணும், மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் எண்ணெய் மிதக்கும் குருமாவையும் வத்தக்குழம்பையும் அதில் சூடாக்க வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணெய் நீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகக் கூடியது. குழம்பின் மட்டம் வரை பிளாஸ்டிக் கிண்ணத்தில் சொரசொரப்பான வளையம் ஒன்று பதிந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சந்தேகமான பாத்திரத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு கிளாஸ் தண்ணீரை உள்ளே வைத்து, அதன் அருகில் அந்தப் பாத்திரத்தைக் காலியாக வைத்து, 1 நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் பயன்படுத்தலாம். பாத்திரம் சுட்டால் கூடாது. உலோகப் பாத்திரத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ஹோட்டல் பார்சலை அப்படியே உள்ளே வைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வெள்ளி நிறம் பூசிய தாள், சட்னிப் பொட்டலத்தைப் பிடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின், அலுமினிய டப்பா என்று பார்சலில் உலோகம் பல வடிவங்களில் ஒளிந்திருக்கும். சாம்பார் கட்டித் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பை சூட்டில் இளகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட பின்பும் அவ்வகைப் பைகள் சில கடைகளில் புழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அனைத்தையும் பிரித்து, வீட்டுக் கிண்ணத்துக்கு மாற்றிய பிறகே சூடாக்குங்கள்.

நான்காம் படி: உணவைச் சூடாக்குதல்

இட்லியிலிருந்து தொடங்குங்கள். நான்கு இட்லிகளைத் தட்டின் நடுவில் குவிக்காமல் ஓரமாக வட்டமாக அடுக்கி, மேலே சிறிது தண்ணீர் தெளித்து, ஒரு பீங்கான் தட்டைச் சற்று இடைவெளி விட்டு மூடி, முதலில் 30 விநாடிகள் வையுங்கள். பிறகு ஓர் இட்லியைப் பிட்டு நடுவில் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் இன்னும் 15 விநாடிகள் வைக்கலாம். தண்ணீர் தெளிக்காமல் ஒரேயடியாக 2 நிமிடம் வைத்தால், ஓரம் ரப்பர் போலாகிவிடும். சாம்பார், கூட்டு போன்றவற்றைக் கிண்ணத்தில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல், 1 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திக் கிளறி, நடுப்பகுதியிலிருந்து ஆவி எழும் வரை சூடாக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகும் 2 நிமிடங்கள் மூடியே வைத்திருங்கள்.

சோற்றைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போதும் சாகாமல் தங்கி, வெளியே கிடக்கும் சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சமைத்த 2 மணி நேரத்துக்குள்ளும், அக்னி நட்சத்திர நாட்களில் 1 மணி நேரத்துக்குள்ளும் மிச்சச் சோற்றை ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் வடித்து மாலை வரை மேடையிலேயே இருந்த சோற்றை மைக்ரோவேவ் காப்பாற்றாது.

இறுக மூடிய டப்பாவை ஒருபோதும் வைக்காதீர்கள். ஆவி போக வழியின்றி மூடி தெறிக்கும். ஓட்டுடன் முட்டையை வைத்தால் வெடிக்கும். ஓடு நீக்கிய அவித்த முட்டையும் மறுபடி சூடாக்கும்போது, சில நேரம் வாயில் வைத்த பிறகுகூட, வெடிக்கக் கூடியது. உருளைக்கிழங்கு, தக்காளி போன்ற தோலுள்ள காய்களை முள்கரண்டியால் பல இடங்களில் குத்திய பிறகே வைக்க வேண்டும். தாளிக்க எண்ணெய் காய்ச்சுவதற்கும் இந்த அடுப்பு ஏற்றதன்று. கறிவேப்பிலையையும் காய்ந்த மிளகாயையும் இதில் உலர்த்த முயன்றால், ஈரம் வற்றியதும் அவை தீப்பற்றக் கூடும்.

ஐந்தாம் படி: தண்ணீரும் பாலும்

என் மணிக்கட்டுத் தழும்பின் கதை இதுதான். புதிய, வழுவழுப்பான கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி 3 நிமிடங்கள் வைத்தேன். எட்டிப் பார்த்தபோது ஒரு குமிழிகூட எழவில்லை. தண்ணீர் அசையாமல், பளிங்கு போல இருந்தது. இன்னும் கொதிக்கவில்லை என்று எண்ணி, கிளாஸைக் கையில் எடுத்து இன்ஸ்டன்ட் காபித் தூளைப் போட்ட மறு கணத்தில், கிளாஸில் இருந்ததில் பாதி நுரைத்துச் சீறி மேலெழுந்து என் கையில் கொட்டியது. வழுவழுப்பான பாத்திரத்தில் குமிழிகள் உருவாகப் பிடிமானம் கிடைக்காததால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்க முடியும். தூளோ கரண்டியோ உள்ளே பட்டதும் அடக்கிவைத்த கொதிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வெளிப்படும்.

இதைத் தவிர்க்க, ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சி ஒன்றை முதலிலேயே தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீருக்கு ஒன்றரை நிமிடம் போதும். நின்றதும் உடனே கையை நுழைக்காமல் 1 நிமிடம் பொறுத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு எடுங்கள். பாலை உயரமான கோப்பையில் பாதி அளவே ஊற்றி, இடையில் கிளறிச் சூடாக்க வேண்டும். கைக்குழந்தைக்கான பாலை மட்டும் இதில் சூடாக்கவே வேண்டாம். புட்டி வெளியே இளஞ்சூடாக இருந்தாலும் உள்ளே ஓரிடத்தில் கொதிக்கும் பால் இருந்து குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி வைக்கும் பழைய வழியே நல்லது.

தீப்பற்றினால், சுட்டுக்கொண்டால்

உள்ளே புகையோ தீயோ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். காற்று கிடைத்தால் தீ வளரும். சுவிட்சை அணைத்து, பிளக்கை எட்ட முடியாவிட்டால் மின்பெட்டியில் உள்ள எம்.சி.பி. என்னும் பாதுகாப்புச் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டுக் காத்திருங்கள். தீ அடங்காவிட்டால் வீட்டை விட்டு வெளியேறி 101-ஐ அழையுங்கள். கையில் சுட்டுக்கொண்டால் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். பற்பசை, இட்லி மாவு, மை எதையும் தடவக் கூடாது. முகத்தில் பட்டாலோ, கொப்புளம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பராமரிப்பு

தெறித்த உணவை அன்றன்றே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்து ஒட்டிவிட்டால், எலுமிச்சைத் துண்டுகளும் மரக்குச்சியும் போட்ட ஒரு கிண்ணம் தண்ணீரை 3 நிமிடங்கள் சூடாக்கி, 5 நிமிடங்கள் மூடியே விட்டுப் பிறகு துடைத்தால் எளிதாக வந்துவிடும். உட்புறச் சுவரில் அட்டை போலத் தெரியும் மைக்கா தகட்டைப் பிய்க்காதீர்கள். அலைகள் உள்ளே வரும் வழியை அதுதான் மூடியிருக்கிறது. அதில் எண்ணெய்க் கறை கருகினால் தீப்பொறி வரும். அப்போது தகட்டை மாற்ற வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள், உப்புக்காற்றால் கதவின் கீல் துருப்பிடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். கதவு வளைந்திருந்தாலோ, சரியாகப் பொருந்தாவிட்டாலோ, திறந்த பிறகும் ஓடினாலோ அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது.

வெளிப்பெட்டியின் திருகுகளை நீங்களாகக் கழற்றாதீர்கள். உள்ளே உள்ள கெப்பாசிட்டரில், பிளக்கை உருவிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கக் கூடும். மழைவெள்ளம் வீட்டுக்குள் புகுந்து அடுப்பு நனைந்திருந்தால், வெளியே வெயிலில் காய்ந்துவிட்டது என்று நம்பி மாட்டிப் பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்ற மெக்கானிக் திறந்து பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அதன் பிளக் சுவரைத் தொடாமலே இருக்கட்டும்.