வார்ஹேமர்ல ஸ்கேவன் எலியா ஆடுறது எப்படி

வார்ஹேமர்ங்கிறது ஒரு ஃபேன்டஸி கேம் உலகம், அதுல மனுசன் மாதிரி ரெண்டு கால்ல நடக்குற எலி இனம்தான் ஸ்கேவன், டேபிள சுத்தி உக்காந்து அந்த எலியா வேசம் கட்டி பேசி ஆடுறதுக்குத்தான் இந்த டிப்ஸ். மொதல்ல ஒண்ணு, ஸ்கேவன்னா வீரன் இல்ல, பயந்தாங்கொள்ளி, ஆனா தான்தான் ஒலகத்துலயே பெரிய புத்திசாலின்னு நம்புற பயந்தாங்கொள்ளி, இத புடிச்சிட்டீங்கன்னா பாதி வேல முடிஞ்சுது. 1986லயே கேம்ல வந்துட்டானுங்க இந்த எலிப்பசங்க, கதைப்படி பூமிக்கடியில சுரங்கம் சுரங்கமா பெரிய சாம்ராஜ்யமே இருக்கு, ஆனா மேல எம்பயர்ல, அதான் மனுசங்க நாட்டுல, கேட்டா அப்படி ஒண்ணு இல்லவே இல்லம்பாங்க. அதனால சிட்டில நடமாடும்போது முக்காடு போட்டு சாக்கடை வழியாவே வாங்க.

பேச்சுதான் மெயின். வேகமா, ரெட்டை ரெட்டையா பேசணும், "ஆமா-ஆமா, சீக்கிரம்-சீக்கிரம், அந்த மனுசப்பய நம்மள பாத்துட்டான்!" தலைவர் வந்தா தரையில வுழுந்து கழுத்த காட்டி "மகா பெரியவரே"ன்னு வழியணும், அப்பவே மனசுக்குள்ள இவன எப்படா முதுகுல குத்தலாம்னு கணக்கு போடணும். அங்க புரமோஷன் அப்படித்தான் (நம்ம ஆபீஸ் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல).

சண்டைன்னா கூட்டமா இருந்தா மட்டும் முன்னாடி போங்க, தலைவரா இருந்தா கடைசில நின்னு கத்துங்க. பயம் முத்திட்டா ஒடம்புலேர்ந்து ஒரு நாத்தம் கெளம்பும், அதையும் வாய்விட்டு சொல்லுங்க, டேபிளே சிரிக்கும். தோத்தா பழி பக்கத்துல நிக்கிறவன் மேல.

சாமி, கொம்பு எலி. பதிமூணு அவங்களுக்கு புனித நம்பர், அவங்கள ஆளுற கவுன்சில்ல பதிமூணாவது சீட்டு சாமிக்கேதான். காசு, மருந்து, மந்திரம் எல்லாமே வார்ப்ஸ்டோன்னு ஒரு பச்சைக்கல்லு, கண்ல பட்டா கூட ஆடுற பார்ட்டிக்கு சொல்லாம மடியில போட்டுக்கோங்க.