மறுகாலை மறந்த திட்டம்: ஊராட்சிப் பேரிடர் ஆயத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி பிறந்தால் ஊராட்சி அலுவலகங்களில் போன வருடத் திட்டத்தை எடுத்துத் தேதியை மட்டும் திருத்தும் வேலை தொடங்கிவிடும். டார்ச் லைட் வாங்காதது, 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணைச் சுவரில் எழுதாதது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் ஆண்டு தவறாமல் செய்கிற, நாங்களும் ஒரு காலத்தில் செய்த தவறுகள் மட்டும் கீழே.

அணையை மட்டும் பார்ப்பது

நெல்லைச் சீமையில் வெள்ளத் திட்டம் என்றாலே பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, எத்தனை கன அடி திறப்பு என்று தொடங்கும். குறுக்குத்துறை முருகன் கோயில், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் என்று தாமிரபரணி ஆற்றங்கரையோடு முடிந்துவிடும். ஆற்றங்கரைக்கு அது சரி. ஆற்றை விட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊரும் அதையே நகலெடுத்து வைத்திருப்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

2023 டிசம்பர் 17 காலையிலிருந்து மறுநாள் காலை வரை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. மூலைக்கரைப்பட்டியில் 62. இரண்டுமே அணைகளுக்கு வெகு கீழே. அங்கே விழுந்த ஒரு சொட்டும் எந்த அணைக்கும் போகாது. ஒரு சதுர கிலோமீட்டரில் 60 செ.மீ. பெய்தால் 6 லட்சம் கன மீட்டர். 260 சதுர கிலோமீட்டரில் அதே மழை பெய்தால் மணிமுத்தாறு அணையின் முழுக் கொள்ளளவான சுமார் ஐந்தரை டிஎம்சி. அணைக்கு ஷட்டர் உண்டு, அளவுகோல் உண்டு, ராத்திரியிலும் ஆள் உண்டு. இந்தத் தண்ணீரைத் தாங்க வேண்டியிருந்தது குளத்துக் கரைகள்.

அன்றிரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். செய்துங்கநல்லூர் வரையிலான பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள்.

குளம் தனி ஆள் இல்லை. மேல்குளத்து மறுகால்தான் (குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போகும் வழி) கீழ்குளத்துக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவை வரிசையாகப் போகும். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 100 ஏக்கருக்குக் குறைந்த குளம் ஊராட்சி ஒன்றியத்துடையது, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையுடையது. துறையிடம் வாங்கிய பட்டியலை அப்படியே ஒட்டினால் ஒன்றியக் குளம் விட்டுப்போகும். சங்கிலியில் தலைமாட்டில் கிடப்பது பல இடங்களில் அந்தச் சின்னக் குளம்தான்.

செய்ய வேண்டியது: ஐப்பசிக்கு முன், மடையைத் திறந்து மூடுகிற மடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வரத்துக்கால் முழுவதும் நடக்க வேண்டும். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு தாள். மேலே எந்தக் குளம், கீழே எந்தக் குளம், மறுகால் தண்ணீர் எந்தப் பாலத்தின் வழியாகப் போகிறது, ஷட்டர் சுற்றும் கைப்பிடி யார் வீட்டில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்க அரை நாள் ஆகும், ஆனாலும் விடக் கூடாது. மறுகாலில் மண்மூட்டை அடுக்கி உயர்த்தியிருந்தால் பெருமழைக்கு முன் அகற்ற வேண்டும். ஒரு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று விவசாயிகள் வைப்பது. அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு அடி கரையின் பாதுகாப்பு உயரத்திலிருந்து எடுத்தது. கூட்டம் போட்டுப் பேசி எடுக்க வேண்டும், ராத்திரியில் போய்ப் பிரிக்கக் கூடாது.

மழை நேரத்தில் கரையின் வெளிப்பக்க அடியைப் பாருங்கள். தெளிந்த கசிவு என்றால் காவல் போட்டால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது, கீழே குடியிருப்பவர்களை உடனே கிளப்ப வேண்டும். அந்த ஓட்டையைக் களிமண்ணால் அடைக்கவே கூடாது. தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும். சுற்றிலும் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் மட்டத்தை உயர விட்டால் அரிப்பின் வேகம் தணியும்.

மூட்டையையும் வாய்வரை நிரப்புகிறார்கள். பழைய சிமெண்ட் சாக்கில் மூன்றில் இரண்டு பங்கு மண் போதும். அப்போதுதான் அமுங்கி ஒன்றோடொன்று பொருந்தும். வாயை மடித்து அடியில் கொடுத்து, செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி வைக்க வேண்டும். 10 மீட்டர் நீளத்தில் 2 அடி உயரம் எழுப்பக் குறைந்தது 300 மூட்டை வேண்டும். ஐம்பது சாக்கை வாங்கி வைத்துவிட்டு “இருப்பு உள்ளது” என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

செல்போனை நம்பிய எச்சரிக்கை

கரண்ட் போன சில மணி நேரத்தில் டவரும் போகும். கோயில், பள்ளிவாசல், சர்ச் ஒலிபெருக்கிகளுக்கு பேட்டரி ஏற்பாடு செய்யுங்கள். தெருவுக்கு இரண்டு பேர், நேரில் போய்க் கதவைத் தட்ட.

முகாம் என்றால் பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கூடம் குளத்துப் புறம்போக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர் வேண்டும். 20க்கு 20 அடி வகுப்பறையில் பத்துப் பேர்தான். நூறு பேர் என்று எழுதுகிறவர் ஒரு ராத்திரி அங்கே படுத்துப் பார்க்கட்டும். கழிப்பறை 30 பேருக்கு ஒன்று. 2023 வெள்ளம் வந்தது ஞாயிற்றுக்கிழமை. சாவி யாரிடம்?

பழைய பிளீச்சிங் பவுடர்

ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு 4 கிராம் என்பது புதுப் பவுடருக்கான கணக்கு. போன வருட மூட்டை காற்று பட்டு வீரியம் போயிருக்கும். குளோரின் சோதனைக் குப்பியில் நிறம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

ஜேசிபி

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வெள்ளம் வந்தபின் ஓடையைக் கடக்க முடியாது.

ஒத்திகை

பகல் பதினொரு மணிக்கு வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு, மெயினை அணைத்துவிட்டு.