நோண்டும் கைக்கு வேறு வேலை

ஃபோன் நோண்டுவதை விட நினைப்பவர்கள் முதலில் ஆப்பை அழிப்பார்கள். சில நாளில் அது திரும்ப வந்துவிடும். கை சும்மா இருப்பதுதான் காரணம். வரிசையில் நின்றாலும் சோபாவில் சாய்ந்தாலும் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகிறது. அந்தக் கைக்கு வேறொன்றைக் கொடுக்காமல் ஃபோனை மட்டும் பிடுங்கினால் நிலைக்காது.

முதல் மூன்று நாள் எதையும் குறைக்க வேண்டாம். ஒரு துண்டுத்தாளை ஃபோன் கவருக்குள் செருகி வையுங்கள். நோண்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறைக்கும்போதெல்லாம் நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற மூன்றை மட்டும் குறியுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை ஃபோனை எடுத்தோம் என்பதை ஐஃபோனில் ஸ்க்ரீன் டைம் எண்ணிக் காட்டும்; ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் எத்தனை முறை அன்லாக் செய்தோம் என்று காட்டும். ஏன் எடுத்தோம் என்பதை அந்தத் துண்டுத்தாள்தான் சொல்லும்.

குறிப்புகள் பெரும்பாலும் மூன்று கூட்டமாகப் பிரியும்: எதற்கோ காத்திருக்கும் நேரம், வேலை முடிந்து சோர்ந்து உட்காரும் நேரம், படுக்கை. மூன்றுக்கும் ஒரே பொழுதுபோக்கு உதவாது. படுக்கையில் நோண்டுகிறவர் கிடார் வாங்கினால் கிடார் மூலையில் நிற்கும், ஃபோன் தலையணையிலேயே இருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். ஒரு கை ஓய்வாக இருந்தால் அது ஃபோனைத் தேடும். எடுத்த அரை நிமிடத்தில் தொடங்க முடிய வேண்டும். நடுநடுவே நிறுத்தம் இருக்க வேண்டும். முடிவில்லா ஸ்க்ரோலை 2006இல் ஏசா ராஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் உருவாக்கினார். அது பரவியதும், பக்கத்தின் அடியில் 'அடுத்து' என்று அழுத்த வேண்டிய இடம் பல தளங்களில் காணாமல் போனது. போதும் என்று நினைக்க நமக்கு வாய்ப்புத் தந்தது அந்த இடம்தான். பின்னலில் ஒரு வரிசை முடியும்; புத்தகத்தில் அத்தியாயம் முடியும்.

தொடங்க நல்ல வேலை, ஒரு நோட்டைக் கையால் தைப்பது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும், அதே நோட்டு அடுத்த பழக்கத்துக்கும் உதவும். சாதாரண ஏ4 ஜெராக்ஸ் தாள் 8, அட்டைக்கு அதே அளவில் கொஞ்சம் கெட்டியான தாள் 1, தடித்த பருத்தி நூல் 65 செ.மீ., ஊசி, துளைக்க ஒரு குத்தூசி. நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்தால் சிக்காது. தாள்களை ஒவ்வொன்றாகப் பாதியாக மடித்து, ஸ்பூனின் முதுகால் மடிப்பை அழுத்தித் தேயுங்கள். ஜெராக்ஸ் தாளின் நார் பொதுவாக நீளவாக்கில் ஓடும், நாம் மடிப்பதோ அதற்குக் குறுக்கே. அதனால்தான் அழுத்தித் தேய்க்காவிட்டால் நோட்டு வாயைத் திறந்துகொண்டே இருக்கும்.

மடித்தவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அட்டையை வெளியே போர்த்துங்கள். மடிப்பின் நீளம் 21 செ.மீ. மேலிருந்து 3, 10.5, 18 செ.மீ. புள்ளிகளில் துளையிடுங்கள். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே போகட்டும்; உள்ளே 8 செ.மீ. வால் விடுங்கள். மேல்துளை வழியாக உள்ளே வந்து, நடுவைத் தாண்டி, கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனைகளும் உள்ளே, நீளமாக ஓடும் இழைக்கு ஆளுக்கொரு பக்கம் இருக்க வேண்டும். அந்த இழையை நடுவில் பிடித்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். இரண்டு முனையும் ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு இழையைப் பிடிக்காது, தையல் தளர்ந்துவிடும். நூலை இறுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். நேராக வெளிப்பக்கம் இழுத்தால் தாள் துளையிலிருந்து கிழியும். முதல் முயற்சியில் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காத்திருக்கும் நேரத்துக்கு இந்த நோட்டும் ஒரு 2பி பென்சிலும் போதும். மடித்த ஏ4, அதாவது ஏ5 அளவு பெரிதென்றால் தாளை முதலிலேயே பாதியாக வெட்டித் தையுங்கள். துளைகளை அந்த மடிப்புக்கேற்ப, மேலும் கீழும் 2 செ.மீ. விட்டும் நடுவிலும் போட வேண்டும். என்ன வரைவது என்று தேட வேண்டியதில்லை, உங்கள் இடது கை எப்போதும் எதிரில் இருக்கிறது (இடது கைக்காரர்களுக்கு வலது கை). ஐந்து நிமிடம் தாளைப் பார்க்காமல், கண் கையின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர, அதே வேகத்தில் பென்சிலும் நகர வேண்டும். படம் கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். தாளைப் பார்த்து வரைந்தால் மனத்தில் இருக்கும் 'கை' என்ற பொம்மையைத்தான் வரைவோம்; நகத்தின் விளிம்பும் விரல் மடிப்பின் சுருக்கமும் கண்ணில் படாது.

சோர்ந்த மாலைக்குக் குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது. மூளைக்கு வேலை குறைவு, கைக்கு நிறைய. 5 மி.மீ. ஊசியும் நடுத்தரத் தடிமனான உல்லன் நூலும் வாங்குங்கள். வெளிர் நிறமாக, முடி சிலிர்க்காததாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணிகளே தெரியாது. ஊசியில் ஒரு முடிச்சு வளையம் போட்டு, நூலைச் சுற்றி அந்த வளையத்தின் வழியாக இழுத்தால் ஒரு சங்கிலி. இப்படி 21 சங்கிலி போட்டு, ஊசிக்கு அடுத்த சங்கிலியை விட்டு, மீதி 20இலும் ஒவ்வொரு கண்ணி: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம், மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுங்கள். வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி, திருப்பி, மீண்டும் 20. துணி வர வர முக்கோணமாகக் குறுகினால் ஓரக் கண்ணியைத் தவறவிடுகிறீர்கள். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் ஒரு சேஃப்டி பின் மாட்டினால் அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணி எங்கே என்று தெரிந்துவிடும். அடிச் சங்கிலிக்குள் ஊசி நுழையவே மறுத்தால் சங்கிலியை இறுக்கிவிட்டீர்கள். அதை மட்டும் 6 மி.மீ. ஊசியில் போடலாம். வரிசையின் பாதியில் நிறுத்தி, வளையத்தில் ஒரு பின் மாட்டி, சோபாவில் உங்கள் இடத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். பையில் போட்டு அலமாரியில் வைத்தால் மறுநாள் எடுக்க மாட்டீர்கள்.

படுக்கைக்குத் தீர்வு எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். சார்ஜர் அடுத்த அறைக்குப் போக வேண்டும், அலாரத்துக்கு மேஜைக் கடிகாரம் வர வேண்டும். சிறிய அத்தியாயங்கள் கொண்ட காகிதப் புத்தகமும் படுத்தபடியே அணைக்கக்கூடிய விளக்கும் பக்கத்தில் இருக்கட்டும். எழுந்து போய் அணைக்க வேண்டிய விளக்கு, வாசிப்பையே கெடுத்துவிடும்.

ஃபோனிலும் சில வேலைகள் உண்டு. அழைப்பு, நேரடிச் செய்தி தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை அணையுங்கள். திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். ஐஃபோனில் அக்சஸிபிலிட்டிக்குள் கலர் ஃபில்டர்ஸில் இருக்கிறது. அதிகம் இழுக்கும் ஆப்பில் ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டு தட்டும் அந்தச் சில நொடிகளில் 'எதற்கு எடுத்தேன்' என்ற கேள்வி எழும்.

பெரிய பொறி ஒன்று உண்டு: வீடியோ பார்த்துக் கற்பது. ஒரு கண்ணி போடத் தெரிந்துகொள்ளப் போய் நாற்பது நிமிடம் மற்றவர்கள் பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். தேவையான படிகளை ஒரே தடவை பார்த்து நோட்டில் கையால் எழுதிக்கொண்டு, ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முடித்ததைப் படம் எடுத்துப் போடுவதையும் முதல் மாதம் தவிர்க்கலாம்; லைக் எண்ணப் போகும் கை அங்கேயே தங்கிவிடும். பொருள் வாங்கிக் குவிப்பதும் ஏறக்குறைய இதே வகைதான். முதல் நூல்கண்டு தீரும்வரை இரண்டாவது வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி மூன்று நாள் துண்டுத்தாள் வையுங்கள். மாலை நேரம் காலியாகி, காலையில் எழுந்ததும் என்று புதிதாக ஒரு கூட்டம் முளைத்திருக்கலாம். அப்படியானால் ஃபோன் இருக்கும் அறைக்குப் போகும் வழியில், மேஜை மேல், நோட்டையும் பென்சிலையும் திறந்து வையுங்கள்.