வந்தவாசிப் போரை மேசைக்குக் கொண்டுவர ஓராண்டுத் திட்டம்

1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் வந்தவாசியில் மோதின. சிறு உருவங்களை மேசையில் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்கு இது அளவான போர்: சமவெளி, இரு பக்கமும் ஏறத்தாழ 2,000 ஐரோப்பியர் (எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும்), ஒரே பகலில் முடிவு. அடுத்த ஜனவரி 22ஐ ஆட்ட நாளாக வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுவோம். சென்னைப் பக்கத்து வானிலையில் எந்த மாதத்தில் எந்த வேலை என்பதுதான் இங்கே முக்கியம். வண்ணம் தீட்டும் திறமை அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் கணக்கு. 15 மி.மீ. உருவங்கள் போதும். 30×20 மி.மீ. பேஸில் (உருவங்களை ஒட்டும் அடித்தட்டு) மூன்று மூன்றாக இரண்டு வரிசை, 6 பேர். நான்கு பேஸ் சேர்ந்தால் ஒரு பட்டாலியன், 24 உருவம், முகப்பு 12 செ.மீ. ஆங்கிலேயருக்கு டிரேப்பரின் 79ஆவது படைப்பிரிவு, கூட்டின் 84ஆவது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியர் இரண்டு, சிப்பாய் இரண்டு என ஆறு பட்டாலியன்: 144. பிரெஞ்சுக்கு லொரேன் படைப்பிரிவு, இந்தியா பட்டாலியன், லாலியின் படைப்பிரிவு, சிப்பாய் ஒன்று, இடப்பக்கத்துக் குளக்கரையில் நின்ற கடற்படையினர் ஒரு பேஸ்: 102. பக்கத்துக்கு 12 குதிரை வீரர், 3 பீரங்கி, பீரங்கிக்கு 4 பேர். காலாள் ஒன்றுக்கு 20 நிமிடம், குதிரை வீரருக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் சுமார் 106 மணி நேரம். வாரம் 5 மணி நேரம் உட்கார்ந்தால் 22 வாரம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரம் இருக்கிறது. மீதி நான்கையும் கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை தின்றுவிடும். அதை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

உருவங்களை வெளிநாட்டிலிருந்து வாங்குவதானால், இந்த ஓராண்டு தொடங்குமுன் வரும் நவம்பரிலேயே ஆர்டர் போடுங்கள்; தபாலுக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து இரண்டு மாதம் விடவேண்டும். உலோக உருவங்களைப் பிசிர் அரமிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவையுங்கள். அச்சில் பூசிய பொடி ஒட்டியிருந்தால் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பிறகு தோலாக உரியும். ஈயம் கலந்த உலோகம் என்றால் அரத்தூளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிரைமர் முழுவதையும் பிப்ரவரி, மார்ச்சிலேயே அடித்துவிடுங்கள். விடியற்காலை வேண்டாம், காற்றில் ஈரம் அப்போதுதான் அதிகம். 10 மணிக்கு மேல் நிழலில் அடியுங்கள். மரச்சட்டத்தில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி 12 உருவங்களை நிறுத்தி, ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, 20-25 செ.மீ. தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு அடிக்க வேண்டும். மே மாத வெயிலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, உருவம் மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாகும். அதற்குப் பிறகு அதைத் தேய்த்து எடுப்பதைவிடப் புதிதாக வாங்குவது மேல். வேறு வழியே இல்லையென்றால் தூரிகையால் பூசும் பிரைமர் இருக்கிறது. எந்த மாதமும் ஒத்துழைக்கும், நேரம்தான் தின்னும்.

தீட்டும் வரிசையில்தான் பலர் கவிழ்கிறார்கள். ஆங்கிலப் படை முழுவதையும் முடித்துவிட்டுப் பிரெஞ்சைத் தொட்டால், ஆகஸ்ட் வரை விளையாட எதிரியே இருக்காது, ஆர்வம் வற்றிவிடும். படைவாரியாகத் தீட்டாமல் மோதல்வாரியாகத் தீட்டுங்கள். ஆங்கில இடப்பக்கத்தில் நின்ற 84ஆவதும் அதை நோக்கிப் பத்தியாக (அகல வரிசையாக இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கிய அணிகளாக) பாய்ந்த லொரேனும் முதல் ஜோடி. 48 உருவம், 16 மணி நேரம். ஏப்ரல் முடிவில் ஒரு சின்ன ஆட்டம் தயார். அடுத்து வலப்பக்கத்து 79ஆவதும், அதன் எதிரே லாலியும் குளக்கரையும். பிறகு நடுப்பகுதி. அன்று சண்டையின் பெரும்பங்கு ஐரோப்பியருக்குள்ளேயே நடந்ததால், சிப்பாய்கள் கடைசியில் வரலாம். பிரெஞ்சுக்குத் துணைவந்த மராட்டியக் குதிரைப்படை ஒதுங்கியே நின்றது, அதை விட்டுவிடலாம்.

பிரெஞ்சு வெள்ளைச் சீருடைக்குச் சாம்பல் பிரைமர், மேலே வெளிர்சாம்பல், மேடுகளில் மட்டும் வெள்ளை. பழுப்பு வாஷை (நீர்த்த வண்ணம்) முழுக்க ஊற்றினால் மடிப்பைச் சுற்றிக் காப்பிக் கறைபோல் வளையம் விழும். மடிப்புக்குள் மட்டும் தொட்டு வையுங்கள். ஆங்கிலேயரின் சிவப்புக்குக் கறுப்பு பிரைமர் உதவாது, மூன்று பூச்சு போட்டாலும் மங்கல்தான், செம்பழுப்பில் தொடங்குங்கள். லாலியின் படை அயர்லாந்துக்காரர் படை, சிவப்புக் கோட்டும் பச்சை மடிப்பும். மேசையில் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் ஆங்கிலேயராகவே தெரிவார்கள். பிரெஞ்சு பேஸ்களின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டால் குழப்பமில்லை. கோடையில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள டப்பாவில் ஈரப் பஞ்சுத்துணி, மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் வண்ணம். மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். மிக மெல்லிய 000 எண் தூரிகை வேண்டாம், அதன் நுனி உருவத்தைத் தொடுமுன் காய்ந்துவிடும். கூர் நன்றாக உள்ள 1ஆம் எண்ணே கண்வரை போதும்.

மேட் வார்னிஷை (வண்ணத்தைக் காக்கும் பளபளப்பில்லாத மேல்பூச்சு) அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் ஸ்ப்ரே செய்தால் ஈரம் படலத்துக்குள் மாட்டி, வெண்படலம் படர்ந்துவிடும். அப்படி ஆனால் பதறாதீர்கள்: வறண்ட நாளில் மெல்லிய பளபளப்பு வார்னிஷ் தூரிகையால் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும், அதன்மேல் மேட் மறுபடி.

மழைக்காலம் மேசை வேலைக்கு. 6×4 அடி போதும், செம்பழுப்புத் துணி, வைக்கோல் நிறப் புல். பிரெஞ்சு இடப்பக்கத்துக் குளத்துக்கு அட்டையில் கரை எழுப்பி, ஃபெவிகால் பூசி மணல் தூவுங்கள். நவம்பரில் காய இரண்டு நாள் பிடிக்கும், அவசரப்பட்டுப் பூசினால் மணல் தூரிகையோடு வந்துவிடும்.

டிசம்பரில் விதிகளை ஓட்டிப் பாருங்கள். பத்திக்கு அதிக பலம் கொடுக்கும் விதி இந்தப் போரைக் கெடுக்கும்: லொரேன் மோதிய இடத்தில் ஆங்கில வரிசை உடைந்தாலும், அந்த இடத்தின் இருபுறமும் நின்ற ஆங்கிலேயர் பத்தியின் விலாவில் விழுந்ததால்தான் அது சிதறியது. ஆகவே விலாத் தாக்குதலுக்கு இரட்டைப் பகடை வையுங்கள். குளக்கரையில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி வெடித்தது ஆட்டத்தின் திருப்பம். கரையை நோக்கிச் சுடும் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு பகடை; 6 விழுந்தால் மறுபடி உருட்டி, 4க்கு மேல் வந்தால் வண்டி வெடிக்கும், கரையிலிருக்கும் பேஸ் எடுக்கப்படும்.