வெடிமருந்து ஆலையின் வரலாற்றை எழுதும் முறை

வணிக வெடிமருந்து உற்பத்தியின் வரலாற்றை எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் ஆல்ஃபிரட் நோபலிடமிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கினால் அது ஒரு கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கைக் கதையாகச் சுருங்கிவிடும். ஆலையில் உழைத்தவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். ஆகவே ஆலை நின்ற நிலத்திலிருந்து தொடங்குங்கள்.

பழைய நில வரைபடத்தைத் தேடி எடுத்து, கட்டடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன, எந்தப் பக்கம் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802-இல் நிறுவப்பட்ட டூபாண்ட் கருமருந்து (கந்தகம், கரி, வெடியுப்பு கலந்த பழைய வகை வெடிமருந்து) ஆலையின் கட்டடங்களுக்கு மூன்று பக்கமும் கனத்த கற்சுவர்கள். ஆற்றைப் பார்த்த பக்கமும் கூரையும் மட்டும் இலேசானவை. வெடித்தால் அதன் வேகம் ஆற்றுப் பக்கம் போய்விட வேண்டும், அடுத்த கட்டடம் தப்ப வேண்டும் என்பதே கணக்கு. விபத்து நேர்ந்தே தீரும் என்று தெரிந்து கட்டிய சுவர்கள் அவை. இன்றும் நிற்கும் அவற்றைவிட நேர்மையான ஆவணம் இத்துறையில் இல்லை என்பது என் கருத்து.

அடுத்து, காப்புரிமைகளையும் விபத்துகளையும் ஒரே காலவரிசையில் எழுதுங்கள். 1847-இல் இத்தாலிய வேதியியலாளர் சோப்ரெரோ, அதிர்ந்தாலே வெடிக்கக்கூடிய திரவமான நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். 1864 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமின் ஹெலனெபோர்க்கில் நைட்ரோகிளிசரின் தயாரித்த இடத்தில் நேர்ந்த வெடிப்பில் நோபலின் தம்பி எமில் உட்படப் பலர் இறந்தனர். அதன்பின் உற்பத்தி ஊருக்கு ஒதுக்குப்புறமான வின்டர்விக்கென்னுக்கு நகர்ந்தது. 1866-இல் ஜெர்மனியின் க்ரும்மெல் ஆலை வெடித்தது. 1867-இல், நைட்ரோகிளிசரினை நுண்துளை மண்ணில் ஊறவைத்துக் கையாள எளிதாக்கிய டைனமைட்டுக்கு நோபலுக்குக் காப்புரிமை கிடைத்தது. தனித்தனியே படித்தால் அறிவியல் சாதனையாக மட்டும் தெரியும் டைனமைட், இவ்வரிசையில் வைத்துப் பார்க்கும்போது அத்தனை சாவுகளுக்குப் பிறகு தேடிய விடையாகத் தெரியும்.

அரசு ஆவணங்களில், பிரிட்டனின் 1875 வெடிபொருள் சட்டத்தின்கீழ் ஆய்வாளர்கள் எழுதிய ஆண்டறிக்கைகள் மிகவும் பயன்படும். ஆனால் வெடித்த இடத்தில் நின்றவர் பெரும்பாலும் உயிருடன் இருப்பதில்லை என்பதால், அறிக்கை கூறும் காரணத்தை மரண விசாரணைக் குறிப்புகளுடனும் உள்ளூர்ச் செய்தித்தாள்களுடனும் ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்.

பொருள்களையும் விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஆர்டீர் ஆலையில் நைட்ரோகிளிசரின் தயாரிப்பின் வெப்பநிலையைக் கவனித்தவருக்கு ஒற்றைக்கால் இருக்கை கொடுக்கப்பட்டது; கண் அயர்ந்தால் உடனே சாய்ந்து விழிப்பார். ஒரு பணிநேரம் முழுவதும் உடலைச் சமன்செய்தபடி வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தவரின் களைப்பை அந்த ஒரு கால் சொல்லிவிடுகிறது. நைட்ரோகிளிசரின் பட்டவர்களுக்கு வந்த கடும் தலைவலியைப் பற்றி மருத்துவக் குறிப்புகளில் தேடுங்கள்.

1950-களுக்குப் பின் அம்மோனியம் நைட்ரேட் கலவைகள் மலிவாகக் கிடைத்ததால் டைனமைட் ஆலைகள் படிப்படியாக மூடப்பட்டன. அங்கு பணிபுரிந்த முதியவர்களிடம் தாமதிக்காமல் பேசிப் பதிவு செய்யுங்கள். இறந்தவர்களின் பெயர்களைத் தேவாலய அடக்கப் பதிவேடுகளில் தேடி, அடிக்குறிப்பில் ஒதுக்காமல், விபத்தை விவரிக்கும் அதே பத்தியில் எழுதுங்கள்.