இரவுக் கடைச் சாப்பாட்டைப் படமெடுக்க நண்பரின் டார்ச் போதும்

இரவில் தள்ளுவண்டிச் சாப்பாட்டைப் படமெடுக்கும்போது உங்கள் போனின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நண்பரின் போன் டார்ச்சின் மேல் டிஷ்யூ தாளை ஒரே மடிப்பாக வைத்து, தட்டுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னாலிருந்து ஒளி விழும்படி பிடிக்கச் சொல்லுங்கள்.

ஃபிளாஷ் நேர் எதிரிலிருந்து அடிப்பதால் நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும், எண்ணெய் மட்டும் வெள்ளைத் திட்டாகப் பளிச்சிடும். பக்கவாட்டு ஒளியில்தான் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கத்தில் விற்கும் அத்தோ என்ற பர்மிய உணவில் நூடுல்ஸ் இழை இழையாகப் பிரிந்து தெரியும்; மேலே தூவிய வறுத்த வெங்காயத்தின் மொறுமொறுப்பும் கண்ணில் படும். கூடவே தரும் வாழைத்தண்டு சூப்பின் ஆவி, பின்னாலிருந்து ஒளி வந்தால்தான் படத்தில் நன்றாக விழும். டிஷ்யூ தாள் ஒளியைப் பரப்பி, நிழலின் ஓரத்தை மென்மையாக்குகிறது. வெளிநாட்டு இரவுச் சந்தைகளிலும் இதே முறை கைகொடுக்கும்.

கடையில் மஞ்சள் பல்பு எரிந்தால் டார்ச்சின் வெள்ளையும் அதுவும் கலந்து தட்டு இரண்டு நிறமாகத் தெரியும். அப்போது பல்புக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழல் தட்டின் மேல் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டடங்களுக்கு இது உதவாது. தூரம் இரு மடங்கானால் ஒளி கால் பங்காகக் குறைந்துவிடும். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை டார்ச் எட்டாது, அதற்கு மாலை வெளிச்சம்தான் வேண்டும். பக்கத்தில் சாப்பிடுகிறவர் கண்ணில் ஒளி படும் அளவுக்கு நெரிசல் என்றால் டார்ச்சே வேண்டாம்.