கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்கிறதா? கோடையில் ஊர்க் குடிநீரைக் காக்கும் வழி

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தெருவில் மட்டும் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ டைபாய்டோ வரிசையாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது குடிநீர்க் குழாயை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் குளோரின் கலந்ததாகப் பதிவேடு சொல்லும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தொட்டிக்கும் கடைக்கோடி வீட்டுக்கும் நடுவே மண்ணுக்கடியில் ஓடும் குழாயில்தான் பெரும்பாலும் நீர் கெடுகிறது. தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியில் வசிக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்ததை மே 1 கிராம சபையில் தீர்மானமாகவும் ஆக்கலாம்.

கோடையில் ஏன் கூடுகிறது?

போர்வெல் மட்டம் இறங்குகிறது. தினமும் வந்த தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள் என்றாகிறது. தண்ணீர் நின்றதும், மேடான பகுதியில் இருக்கும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. குழாயில் விரிசலோ தளர்ந்த இணைப்போ இருந்தால், வெளியே தேங்கியிருக்கும் சாக்கடை நீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது அந்த நீர்தான் முதல் குடத்தில் வந்து விழுகிறது.

இன்னொன்று குழாய்க்குழி. அழுத்தம் குறைந்ததும் வீட்டு வாசலில் இரண்டு மூன்று அடி பள்ளம் தோண்டிக் குழாயைக் கீழே இறக்கிக் குடத்தை உள்ளே வைத்துப் பிடிக்கிறோம். பாத்திரம் கழுவிய நீர் அந்தக் குழியில் நிற்கிறது, கோழியும் நாயும் இறங்குகின்றன. தண்ணீர் நின்ற பிறகு திறந்தே கிடக்கும் குழாய்வாய் அதே நீரில் முழுகிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி இழுத்தால், உங்கள் குழியில் நிற்கும் அழுக்கு நீர் தெருக் குழாய்க்குள் போய்விடும். மோட்டார் வைத்தவர் வீட்டுக்கும் அந்த நீர்தான் போகிறது. மோட்டாரைக் கழற்றச் சொல்லிப் பேசும்போது சட்டத்தைச் சொல்வதைவிட இதைக் குழியருகே கூட்டிப்போய்க் காட்டுவது பலன் தரும்.

முதலில் ஒரு நடை

தண்ணீர் விடும் நாளில் ஒரு தடவையும் விடாத நாளில் ஒரு தடவையும் ஊரைச் சுற்றி வர வேண்டும். விடும் நாளில் கசிவு தெரியும், விடாத நாளில் எங்கே சாக்கடை தேங்குகிறது என்பது தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் அதுதான் ஆபத்தான இடம். தொட்டி இயக்குபவரைக் கட்டாயம் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய் எங்கே பிரிகிறது, எந்த வால்வு சரியாக மூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். சொற்பச் சம்பளத்தில் வேலை பார்ப்பவர் அவர். அவரைக் குற்றவாளியாக நிறுத்தினால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

ஒரு பெரிய தாளில் தெருக்களை வரைந்து இவற்றைக் குறியுங்கள்: தொட்டி, அதன் கொள்ளளவு, கடைசியாகக் கழுவிய தேதி (இரண்டும் தொட்டியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்), வால்வுத் தொட்டிகள் (வால்வைச் சுற்றிக் கட்டிய சிறு குழிகள்), சாக்கடைக்குள் புகுந்து போகும் குழாய்கள், குழாய்க்குழி உள்ள வீடுகள், ஒவ்வொரு கிளைக் குழாயின் கடைசி வீடு. வால்வுத் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறது என்றால், வால்வின் கழுத்து வழியாக அது உள்ளே போக வழி இருக்கிறது என்று பொருள்.

தொட்டி மூடிக்குப் பூட்டு உண்டா, ஏணிக்குக் கதவு உண்டா என்பதையும் எழுதுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களுக்கான தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது வெளியே வந்தது குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான். பூட்டு ஒரு சின்ன செலவு.

தொட்டி கழுவுதலும் பிளீச்சிங் பவுடரும்

மாதம் இரு முறை, 5, 20 தேதிகளில் தொட்டி கழுவ வேண்டும் என்பது ஊராட்சிகளில் நடைமுறை. கழிவு வால்வைத் திறந்து அடியில் இருக்கும் வண்டல் முழுவதும் போன பிறகு சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் கரைசல் பூசி, அலசி, அந்த நீரையும் வெளியேற்ற வேண்டும். வண்டல் மிச்சமிருந்தால் அடுத்து போடும் குளோரினை அதுவே தின்றுவிடும். உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடி திறந்திருக்க, மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அறையில்கூட வைக்காதீர்கள்.

பவுடரின் அளவு இதுதான்: 1000 லிட்டருக்கு 4 கிராம். 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம், 30,000 லிட்டருக்கு 120 கிராம், 60,000 லிட்டருக்கு 240 கிராம். தரைத்தொட்டியின் கொள்ளளவு தெரியாவிட்டால் நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, அதை 1000 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும்.

கைப்பிடி, சிரட்டை என்று அளக்கக் கூடாது. மளிகைக் கடைத் தராசில் ஒரு மாதத்துக்கு வேண்டியதை நிறுத்து, தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வைத்துவிட்டால் தினசரி வேலை சுலபம்.

கலக்கும் விதம்: பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அதைக் கொட்டிவிடலாம். தொட்டி பாதி நிரம்பும்போது ஊற்றினால் மீதி விழும் நீரே நன்றாகக் கலந்துவிடும். ஊற்றிக் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது? பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் தெருவில் மருந்து நெடி தூக்கும், கடைசித் தெருவுக்கு ஒன்றும் போகாது. முதல் தெருக்காரர்கள் சத்தம் போட, இயக்குபவர் போடுவதையே நிறுத்திவிடுவார். பல ஊர்களில் குளோரின் நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது, பழைய மூட்டை. புதிய பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் உண்டு. மூட்டையை அவிழ்த்து வெயில்படும் அறையில் போட்டால் வாரக்கணக்கில் அது இறங்கிக்கொண்டே போகும். கட்டி தட்டி, நெடி மங்கி இருந்தால் அளவைக் கூட்டிப் பயனில்லை, புது மூட்டை கேளுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்ட நீர் வரும் ஊர்களில் அங்கேயே குளோரின் போட்டுத்தானே வருகிறது என்பார்கள். பல கிலோமீட்டர் குழாயில் வந்து தொட்டியில் தங்கும்போது அது தீர்ந்திருக்கலாம். சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

குழாயடியில் சோதனை

நீரில் குளோரின் எவ்வளவு என்று காட்டும் குளோரோஸ்கோப் என்னும் சிறு பெட்டி ஊராட்சியிலோ சுகாதார ஆய்வாளரிடமோ இருக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்கள் ஐந்து பேருக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சியும் பெட்டியும் தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று கேளுங்கள். மகளிர் குழுவில் விசாரித்தால் தெரியும்.

ஆர்த்தோடொலிடின் மருந்து உள்ள பெட்டியானால், கண்ணாடிக் குழாயில் குறி வரை நீர் பிடித்து, பெட்டியில் சொன்ன சொட்டுகளை விட்டுக் குலுக்கி, 10 விநாடிக்குள் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். தாமதித்தால் நிறம் ஏறிக்கொண்டே போய்த் தவறான அளவு காட்டும். அந்த மருந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சோதித்த நீரை யாரும் குடிக்கக் கூடாது. இரும்புச் சத்துள்ள போர்வெல் நீர் குளோரின் இல்லாமலே மஞ்சள் காட்டும். அத்தகைய ஊரில் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி மாத்திரைப் பெட்டியைக் கேட்டு வாங்குவது நல்லது.

தொட்டிக்குப் பக்கத்துக் குழாய், நடுவில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று என மூன்று இடம். குடத்தில் பிடித்து வைத்த நீரைச் சோதிக்காதீர்கள், குளோரின் பறந்திருக்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 படி குழாய் நீரில் குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் இருக்க வேண்டும், நோய் பரவும் காலத்தில் 0.5. கடைக்கோடியில் 0.2 இல்லையென்றால் 1000 லிட்டருக்கு ஒரு கிராம் கூட்டி மறுநாள் பாருங்கள். தொட்டிக்கு அருகே 1 பிபிஎம்மைத் தாண்டியும் கடைசியில் சுழியம் என்றால் பவுடரைக் கூட்டுவதை நிறுத்துங்கள். இடையில் எங்கோ அழுக்கு கலந்து குளோரினைத் தின்கிறது. எந்த இரண்டு குழாய்களுக்கு நடுவே நிறம் திடீரென இறங்குகிறதோ அங்கே தோண்டச் சொல்லலாம்.

அதே கடைசி வீட்டில் முதல் குடத்து நீரையும், 10 நிமிடம் ஓடிய பிறகு வரும் நீரையும் தனித்தனியே சோதியுங்கள். முதலில் சுழியமும் பிறகு 0.2உம் வந்தால், தண்ணீர் நின்ற நேரத்தில் அழுக்கு உள்ளே புகுந்திருக்கலாம். கசிவு சரியாகும் வரை அந்தத் தெருவில் முதல் இரண்டு குடங்களைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

கிருமி உண்டா என்று அறிய எச்டூஎஸ் குப்பி இருக்கிறது. குறி வரை நீர் நிரப்பி 24 முதல் 48 மணி நேரம் அறையில் வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் கறுத்துவிடும். கறுத்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி போக வேண்டும். ஆய்வகம் தரும் குப்பியைக் கழுவாதீர்கள். குளோரினை முறிக்கும் மருந்து அதற்குள்ளேயே இருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேருங்கள்.

நோய்க் கணக்கு

இரண்டு நாளுக்குள் ஒரே தெருவில் மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றால் அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் சொல்லுங்கள். ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் மருத்துவ உதவி எண் 104க்கு அழையுங்கள். வயது, தெரு, தொடங்கிய நாள், எந்தக் குழாய் நீர் இவை மட்டும் போதும். பெயர்ப் பட்டியலை வாட்ஸப்பில் சுற்றவிட வேண்டாம். நடந்து வரைந்த தாளில் அந்த வீடுகளைச் சிவப்பில் குறித்தால், எல்லாம் ஒரே கிளைக் குழாயில் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதி டம்ளரில் பாதிப் பொட்டலம் என்று கரைத்தால் உப்பு கூடி, குழந்தைக்குக் கேடாகிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுங்கள். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும், பேதி நின்றதும் நிறுத்துவதே வழக்கமாக நடக்கும் தவறு. அரிசி கழுவிய நீர்போலப் போனாலும், கண் உள்வாங்கினாலும், சிறுநீர் நின்றாலும் 108.

கோடையில் டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் நீர் சேமிப்பதால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் கூடும். வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். தேய்க்காமல் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.

கிராம சபையில் வைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மே 1க்கு வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவுக்குள் மனு ஊராட்சி செயலரிடம் போய்ச் சேர வேண்டும், ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் செய்யும் ஊராட்சியிலும் கிராம சபை உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். பாதிக்கப்பட்ட தெருவிலிருந்து ஆள் திரட்டுவது உங்கள் பொறுப்பு.

“குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்” என்று எழுதிய தீர்மானத்தால் ஒரு குழாய்கூட மாறாது. இப்படி எழுதுங்கள்: “வடக்குத் தெருவில் கோயிலுக்கு எதிரே சாக்கடைக்குள் செல்லும் சுமார் 20 மீட்டர் குடிநீர்க் குழாயை மே 31க்குள் மாற்றி அமைக்கவும், மேற்குத் தெரு வால்வுத் தொட்டியை உயர்த்தி மூடி போடவும், வாரந்தோறும் மூன்று இடங்களில் குளோரின் சோதித்த அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதவும் இச்சபை தீர்மானிக்கிறது.” இடம், அளவு, நாள் மூன்றும் இருந்தால்தான் பொறியாளர் மதிப்பீடு போட முடியும். தெருக்களைப் பகுதியாகப் பிரித்து வால்வு வைத்து முறை போட்டுத் தண்ணீர் விடச் சொல்வதையும் சேருங்கள். கடைக்கோடிக்கு அழுத்தம் வந்தால்தான் குழாய்க்குழியை மூடச் சொல்ல நமக்கு வாய் இருக்கும்.

பெட்டி, குப்பி, பூட்டு போன்ற சிறு செலவுகளுக்குக் கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. செவிலியரிடம் கணக்குக் கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வாசகம் அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் கையெழுத்து வாங்கினால் மறுத்துவிடுங்கள்.

நகரங்களில் இதே வேலையை வார்டு அளவில் பகுதி சபையில் செய்யலாம். சென்னையில் குடிநீரில் கழிவுநீர் கலந்தால் குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916.

15 நாளில் அசைவு இல்லையென்றால் தீர்மான எண்ணையும் சோதனை அளவுகளையும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (கிராம ஊராட்சி) மனு, அதன் பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் நாள், முதல்வரின் உதவி மைய எண் 1100இல் புகார். எல்லா இடத்திலும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் தீர்மான நகல், பிளீச்சிங் பவுடர் வாங்கிய பட்டியல், தொட்டி கழுவிய பதிவேடு ஆகிய மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அதுவரை வாரச் சோதனையை விடாதீர்கள், கடைக்கோடிக் குழாயின் அளவைத் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள்.